இல்லை என்று சொல்லாத கடை

செங்கம் ரோட்டில் இருக்கும் கோதண்டராமன் மளிகைக்கடையில் எந்தச் சாமான் தீர்ந்து போனாலும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். 'நாளைக்கு வரும்' என்பார்கள். அரிசி தீர்ந்துவிட்டால், 'அரிசி நிறைஞ்சிருக்குது, நாளைக்கு வாங்க' என்பார்கள். கடைக்குள் நின்று அந்த வார்த்தையைச் சொன்னால் லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்று கோதண்டராமனின் அப்பா சொல்லி வைத்திருந்தார். திருவண்ணாமலையில் இன்னும் பல கடைகளில் இந்த வழக்கம் உண்டு. ஆனால் இங்கே கண்டிப்பு அதிகம். ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பம் கிடையாது. 'நாளைக்கு வரும்' என்று காதில் விழுந்ததுமே அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்கள்.

இந்த வழக்கத்தில் மாட்டிக்கொண்டுதான் சந்திரம்மாளின் பிழைப்பு போயிற்று.

சந்திரம்மாள் எங்கள் பக்கத்து வீட்டு இருசப்பனின் தங்கை. இருசப்பனுக்குக் கடலை எண்ணெய் மில்லில் வேலை. இவர்களுடைய அப்பா ஒரு காலத்தில் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல்காரராக இருந்தார். அந்த வீட்டு அம்மாள் சொல்லி, சந்திரம்மாளைக் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே பாடமெல்லாம் பிரெஞ்சில். அம்மாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது கூடை தூக்கிக்கொண்டு போவதும் இவள்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட மீன்காரிக்கும் அம்மாளுக்கும் நடுவில் நின்று படித்ததுதான் ஜாஸ்தி என்று அவளே சொல்வாள். அப்பா செத்துப்போனதும் குடும்பம் திருவண்ணாமலைக்கே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள் பிரெஞ்சு பேச ஆளில்லை.

கீழ்பென்னாத்தூரில் தசரதன் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நெல்லும் கடலையும் விளைகிற நிலம், கிணறு, மாடு எல்லாம் இருந்த வீடு. பிள்ளை பிறக்கவில்லை. சில வருஷம் பார்த்துவிட்டுத் தசரதன் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். இளையவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கச் சொன்ன அன்றைக்குச் சந்திரம்மாள் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அண்ணி மணியம்மாள் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. "பேரைக் கேட்டே புரிஞ்சிருக்க வேணாமா? தசரதன்னு வச்சிருக்காங்க. ரெண்டோட நிறுத்திக்கினாரேன்னு சந்தோஷப்படு" என்று குழாயடியில் எல்லோர் முன்னாலும் சொன்னார். சந்திரம்மாளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். குடம் நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

இருசப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் நாலு பிள்ளைகள். ஒரு நாள் தங்கையை உட்கார வைத்துத் தெளிவாகவே சொல்லிவிட்டார். "ஏதாவது வேலைன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் நீ இங்க இருக்கலாம் சந்திரா. சும்மா குந்தினு இருக்கறன்னா அந்தாளு வந்து கூப்பிடறப்ப நான் தடுக்க முடியாது. நாலு பேர் என்னத்தான் கேப்பாங்க." தசரதனும் அவ்வப்போது ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பாசம் ஒன்றும் இல்லை. கடலை பிடுங்குகிற காலத்தில் கூலியாட்களுக்குப் பொங்கிப் போட ஒரு ஆள் குறைந்தது.

ஆக, அவளுக்கு வேலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறாமல் இருப்பது.

முதலில் மில்லில் கடலை புடைத்தாள். பிறகு ஒரு நாள், அவசர நிலை முடிந்து தேர்தல் நடந்த வருஷம், கோதண்டராமன் கடையில் சவுக்காரம் வாங்க நின்றிருந்தாள். ஆசிரமத்துப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எதையோ பற்ற வைப்பது போலக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் மூர்த்தி ஊதுபத்தியை நீட்டினான். கற்பூரத்தை நீட்டினான். அவள் தலையை ஆட்டினாள்.

"இன்னா மொதலாளி, பீடிக்கட்டு வரைக்கும் காட்டிட்டேன். எதுக்கும் மசிய மாட்டேன்னுது."

"மெழுகுவர்த்தி கேக்கறாங்க" என்றாள் சந்திரம்மாள்.

கோதண்டராமன் திரும்பிப் பார்த்தார். "உனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவங்க பிரெஞ்சுங்க. நான் பாண்டிச்சேரில படிச்சேங்க."

அந்தப் பெண் மெழுகுவர்த்தியோடு நிற்கவில்லை. சர்க்கரை, ஊறுகாய் ஜாடி, பாய், வாளி என்று கடையில் பாதியை வாங்கினாள். அவ்வளவும் பல நாளாகக் கேட்கத் தெரியாமல் விட்டவை. அடுத்த வாரமே கோதண்டராமன் இருசப்பனைக் கூப்பிட்டு, தங்கையைக் கடைக்கு அனுப்பச் சொன்னார்.

அப்போது எங்கள் ரோட்டில் எந்தக் கடையிலும் பெண்பிள்ளை நின்று வியாபாரம் செய்ததில்லை. முதலில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டார்கள். வெள்ளைக்காரர் வந்தால் மட்டும் எழுந்து வர வேண்டும். நாளாக ஆக முக்காலி முன்னால் வந்தது. மூர்த்தி அவளை 'மேடம்' என்று கூப்பிட்டுக் கேலி செய்வான். "மேடம், கொஞ்சம் கீழ எறங்கி வந்து உப்பு மூட்டையப் புடிக்கிறீங்களா?" அவளும் விட மாட்டாள். "நீ முதல்ல தராசை நேராப் புடி, தம்பி. உன் கட்டை விரல் எத்தினி கிராம்னு எனக்குத் தெரியும்."

அந்த நாட்களில் அவள் நடையே மாறிவிட்டிருந்தது. கஞ்சி போட்ட புடவையும் தலையில் பூவுமாகப் போவாள். நான் கான்வென்டிலிருந்து திரும்பும்போது கடை வாசலில் அவள் குரல் கேட்கும். எவ்வளவு, கொம்பியேன். விலை ஜாஸ்தி, சே த்ரோ ஷேர். வாங்குகிறவர் சொல்லும் வார்த்தையையும் விற்கிறவர் சொல்லும் வார்த்தையையும் அவள் ஒருத்தியே சொல்வாள். கேட்கிறவர்களுக்கு அவளே தனக்குள் சண்டை போடுவது போல இருக்கும்.

முதல் சில மாதங்களில் ஒரே ஒரு தகராறு வந்தது. உயரமான ஒரு பிரெஞ்சுக்காரர் ஸ்டவ்வுக்குத் திரி கேட்டார். மூர்த்தி வழக்கம்போல, "நாளைக்கு வரும்" என்றான். சந்திரம்மாள் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். அவர் மறுநாள் வந்தார். "நாளைக்கு வரும்." அதற்கு மறுநாளும் வந்தார். கடைசியில், வெயிலில் முகம் சிவந்து, பையைத் தராசுத் தட்டில் அடித்து, இது பொய்யர்கள் நடத்தும் கடை என்று கத்தினார்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று கேட்டார் கோதண்டராமன்.

"கொஞ்சம் கோவமா இருக்காருங்க."

அன்றிலிருந்து சாமான் தீர்ந்திருந்தால் அவள் பிரெஞ்சுக்காரர்களிடம் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தாள். நோன். இல் நியானபா. இல்லை, கடையில் இல்லை. கேட்டவர்கள் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கத்தல் நின்றது. கோதண்டராமனுக்கு ரொம்பத் திருப்தி. என்ன சொல்லி அனுப்புகிறாள் என்று அவர் கேட்கவில்லை.

என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள். நான் பயந்துபோய், "முதலாளிக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"அவங்க ஊர் பாஷையில சொன்னா நம்ம லட்சுமிக்கு இன்னா புரியப் போவுது?" என்று சிரித்தாள். "அவ நம்ம ஊர்க்காரிதானே."

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டு பல நாள் படுத்துவிட்டாள். அந்த நாட்களில் வெள்ளைக்காரர்கள் பஜாருக்குப் போய்விட்டார்கள். அவள் தேறி வந்ததும் கோதண்டராமன் தன்மையாகப் பேசினார். "எல்லாம் உன் ஒருத்தி வாயில இருக்குது. நாளைக்கே உனுக்கு ஒண்ணுன்னா கடை இன்னா ஆவறது? இங்கிலீஷ் ஒரு பக்கம், பிரெஞ்சு ஒரு பக்கம் போட்டு ஒரு சார்ட் எழுதிக் குடு. இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் வரும், மூர்த்திக்கும் வரும், அதப் புடிச்சிக்கினு இதக் கத்துக்கறோம். எழுதிக் குடுத்துட்டன்னா உன்னப் பில் போடற எடத்துல உக்கார வெச்சிடறேன்."

சந்திரம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அட்டையை விரித்து உட்காருவோம். அவள் பிரெஞ்சில் ஒன்று சொல்வாள். எனக்கு அதைத் தமிழில் விளக்குவாள். நான் அதற்கு இங்கிலீஷ் தேடுவேன். சோப்பு, சர்க்கரை, தீப்பெட்டி, கத்தரிக்கோல் எல்லாம் சுலபமாக முடிந்தன. 'எடை போடுங்கள்', 'சில்லறை இருக்கிறதா', 'இதைவிடப் பெரியது வேண்டும்' இவையும் வந்துவிட்டன. எங்கள் ஊர் வார்த்தைகளில்தான் முட்டிக்கொண்டோம். கொசுறு என்பதற்கு எனக்கு இங்கிலீஷில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் வெகு நேரம் யோசித்து, 'சின்னப் பரிசு' என்று பொருள்படும்படி ஏதோ பிரெஞ்சில் சொல்லிவிட்டு, உடனே வேண்டாம் என்றாள். "அப்புறம் மூர்த்தி கறிவேப்பிலையக் குடுத்துட்டுப் பரிசுன்னு சொல்லிக்கினு நிப்பான்." போணி என்பதற்கு இரண்டு பக்கமும் கோடு போட்டுவிட்டோம்.

பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னபோது மட்டும் அவள் கை தயங்கியது.

"எல்லாரும் கத்துக்கினா எனக்கு இன்னாடி வேலை?"

"நீங்க பேசற மாதிரி அவங்களுக்கு வருமாக்கா?" என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கடைக்காரனுக்கு நன்றாகப் பேச வர வேண்டியதில்லை, விற்க வந்தால் போதும் என்பது அந்த வயதில் தோன்றவில்லை.

'இல்லை' என்ற வரியை அவள் எழுத விடவில்லை. அந்த இடத்தில், 'நாளை' என்று மட்டும் போட்டோம். பிரெஞ்சில் துமேன். "அந்த ஒண்ணு என் வாயோட இருக்கட்டும்" என்றாள்.

சார்ட்டைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார்கள். மூர்த்தி விடிந்ததும் அதன் முன்னால் நின்று மந்திரம் போலச் சொல்லிப் பழகினான். வெள்ளைக்காரர் வந்தால் அவள் எழுந்திருப்பதற்குள் முன்னால் போய் நின்றான். உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். பில் போடும் இடத்தில் கோதண்டராமனின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். சந்திரம்மாளின் முக்காலி மறுபடி அரிசி மூட்டைப் பக்கம் நகர்ந்தது. "தை பொறக்கட்டும்மா, பார்க்கலாம்" என்றார் கோதண்டராமன்.

தை பிறப்பதற்கு முன்பே அந்த வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கு வைக்கிற நேரம். அம்மாவுக்காகக் காபித்தூள் வாங்க நானும் கடையில் இருந்தேன். கோதண்டராமன் லட்சுமி படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் வந்து கொசுவலை கேட்டார்கள். கொசுவலை தீர்ந்திருந்தது. மூர்த்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, "நோன்! நோன்! இல் நியானபா!" என்றான். அவர்கள் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

கோதண்டராமன் தட்டோடு திரும்பினார். முகத்தில் பெருமை. "அடேங்கப்பா! இன்னாடா சொன்ன, ஒரே வார்த்தையில அனுப்பிட்ட?"

"கொசுவலை..." என்று ஆரம்பித்த மூர்த்திக்கு அதற்கு மேல் தமிழில் சொல்ல முடியவில்லை. "அதாங்க, நாளைக்கு வரும்னு."

"நாளைக்கின்னா துமேன்னுதானே சார்ட்டுல போட்டிருக்குது? நீ சொன்னது வேறயா இருந்துதே?"

மூர்த்தி சந்திரம்மாளைப் பார்த்தான். "அக்காதான் சொல்லும். ரெண்டு வருஷமா அதத்தானே சொல்லிக்கினு இருக்குது? கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துடுச்சி."

"நோன்னா இன்னாம்மா?" என்றார் கோதண்டராமன்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அங்கே பிரெஞ்சு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. சந்திரம்மாள் முக்காலியிலிருந்து எழுந்து நின்றாள். "அதாங்க மொதலாளி. நீங்க சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கீங்களே, அது."

கற்பூரம் அவர் கையிலேயே எரிந்து அணைந்தது. "வெளக்கு வெக்கற நேரத்துல கூடவா சொல்லுவ?"

"அவங்க எப்ப வந்து கேக்கறாங்களோ, அப்பங்க."

"அதான் பார்த்தேன்" என்றார் கோதண்டராமன், கடையில் நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்து. "அதான் பார்த்தேன். பெரியவன் சொல்லாமக் கொள்ளாம பெங்களூருக்குப் போயிட்டான். சக்கரை மூட்டை மழையில கரைஞ்சி போச்சி. எங்கப்பா காலத்துல இருந்து படியேறாத எடைக்கல் அதிகாரி படியேறினான். நான் ஜோசியர் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடையா நடக்கறேன். இங்க கடைக்குள்ளயே ஒருத்தி குந்திக்கினு லட்சுமியப் போ போன்னு வெரட்டிக்கினு இருந்திருக்கா."

"நான் வந்தப்பறம் வியாபாரம் ஜாஸ்திதானுங்க ஆயிருக்குது" என்றாள் சந்திரம்மாள்.

கோதண்டராமன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குரலை இறக்கி, மரியாதையாகவே சொன்னார். "நீ இப்ப வூட்டுக்குப் போம்மா. நாளைக்கு வா."

மூர்த்தி காலித் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் என்னோடுதான் வீட்டுக்கு நடந்து வந்தாள். வழியில் காபித்தூள் பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டாள். வெறுங்கையோடு நடக்கப் பிடிக்கவில்லை போலும்.

இருசப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வான்னுதானே சொல்லியிருக்காரு? போய்ப் பாரு" என்றார். மணியம்மாள், "ஆமா, பூரண கும்பத்தோட நிப்பாரு" என்றார். மறுநாள் காலையில் கடைக்குப் போனாள். கோதண்டராமன் நிமிர்ந்து பார்க்காமல், "நாளைக்கு வாம்மா" என்றார். அவள் அப்படியே திரும்பிவிட்டாள்.

"இன்னொரு தரம் போய்க் கேளேன்" என்றார் இருசப்பன்.

"நான் இன்னா பிரெஞ்சுக்காரியா, தெனம் போய் நிக்கறதுக்கு?"

அந்த வாரமே கடை வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். சுவர்களைக் கழுவினார்கள். சார்ட்டைக் கழற்றித் துடைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, அதே ஆணியில் திரும்ப மாட்டினார்கள்.

இதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நான்தான் ஆத்திரப்பட்டேன். படித்த மனிதர் இவ்வளவு மூடநம்பிக்கையோடு இருக்கலாமா என்றெல்லாம் பேசினேன். சந்திரம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "அவருக்குப் பயம் இருக்கறது நெஜந்தான்டி. கணக்கு இருக்கறதும் நெஜந்தான். சார்ட்டு எழுதறதுக்கு முந்தி இது தெரிஞ்சிருந்தா லட்சுமி இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கினு இருந்திருப்பா."

மில்லில் அவள் இடத்துக்கு எப்போதோ வேறு ஆள் வந்துவிட்டது. இருசப்பன் கீழ்பென்னாத்தூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தசரதன் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய சாயங்காலம் மூர்த்தி அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, ஒரு அம்மா வந்துக்குது. பெரிய வூடு எடுத்திருக்குதாம், மாசச் சாமான் மொத்தமும் நம்ம கடையிலதான்னு சொல்ற மாதிரி தெரியுது. ஆனா ஏதோ ஒண்ணு திரும்பத் திரும்பக் கேக்குது. சார்ட்டுல இல்ல." அவன் தடுமாறி அந்த ஒலியைச் சொல்லிக் காட்டினான்.

சந்திரம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் பழைய களை வந்ததை நான் பார்த்தேன். "சாமானை வூட்டுக்கே கொண்டாந்து குடுப்பீங்களான்னு கேக்கறாங்க. தம்பி, அவங்கள உக்கார வெச்சித் தண்ணி குடு. வூட்டுக்குக் கொண்டாந்து குடுக்கறதுன்னா எந்த நாளு, எந்த வீதி, எது ஒடைஞ்சா யாரு பொறுப்புன்னு எவ்ளோ பேசணும். நானே வந்து பேசறேன்னு மொதலாளிகிட்ட சொல்லு. கூலி வேணாம். இன்னிக்கி மட்டும்னு சொல்லு."

"சொல்றேன்க்கா. நீ ரெடியா இரு."

அவள் முகம் கழுவிக்கொண்டாள். கஞ்சி போட்ட புடவையை எடுத்துக் கட்டினாள். வாசற்படியில் நின்றாள். ரோட்டில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து மணியம்மாள் எதுவும் சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருட்டியதும் சந்திரம்மாள் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள். கேட்டது என்ன என்று தெரிந்த பிறகு, சரி என்று தலையாட்ட மூர்த்திக்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

தசரதன் மறுநாள் மதிய பஸ்ஸில் வந்தார். சாப்பிட்டார். வெயில் தணியட்டும் என்றார். இருசப்பன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார். சந்திரம்மாள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் வாசலைத் தாண்டும்போது நேராகப் பார்த்துக்கொண்டே போனாள்.

போன வருஷம், எண்பத்து நாலில், ஒரு கல்யாணத்துக்காகக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தபோது அவள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் பெரிய அடுப்பு. வயலுக்குப் போகும் ஆட்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. என் வேலை, என் கல்யாணப் பேச்சு எல்லாம் விசாரித்தாள். பிரெஞ்சைப் பற்றியோ கடையைப் பற்றியோ பேச்சு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

எனக்கு டீ போடச் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டிப் பார்த்தாள். பிறகு முன்கட்டுப் பக்கம் போய், கதவோரம் நின்று, தன்னைவிடப் பத்து வயது சின்னவளான அந்தப் பெண்ணிடம் சர்க்கரை வேண்டும் என்று கேட்டாள். அந்த வீட்டில் கடைக்குப் போய் வருவது, சாவி வைத்திருப்பது எல்லாம் இளையவள்தான்.

"இல்ல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வெல்லம் போட்டு டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.